யூனிஸ் டீச்சரின் தண்ணீர்

விக்கிரமசிங்கபுரம் மில் வாசலில் சைக்கிளோடு நின்ற ஐந்து பேரும், குமரகுருபரன் தெருவில் வரைந்து முடிக்கும்வரை உயிரோடுதான் இருந்தார்கள். படத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குள் வந்து பெஞ்சில் வைத்தார். ஐந்து பேரும் செத்துப்போயிருந்தார்கள்.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். கோடு எதுவும் மாறவில்லை. சைக்கிள் சக்கரம் வட்டமாகத்தான் இருந்தது, சாப்பாட்டுத் தூக்கு ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முகங்கள்தான் போய்விட்டன. அவற்றின் மேல் ஒரு சாம்பல் பச்சை ஏறியிருந்தது. காலை வெயிலில் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்த மில் சுவர், படத்தில் அடைமழைக் காலத்துச் சுவர்போல நீலம் பாரித்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் முன்பு, தெருவில் வைத்து, இதே தாளில் இதே சுவர் வெயிலாக இருந்தது. எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வார்.

தாஜ் முகம்மது டீ கிளாசோடு வந்து குனிந்து பார்த்தார். மேலப்பாளையத்தில் தையல்கடை வைத்திருப்பவர். படம் வரையும் குழுவில் எல்லாரையும் கேலி செய்ய அவருக்கு உரிமை உண்டு.

“என்னவே இது, திரும்பவும்? மில்லுல வேல முடிஞ்சு வாரவங்க மாரி இல்லியே. ஆத்துல முங்குனவங்களக் கரையில எடுத்துப் போட்டு, சைக்கிளக் கையில குடுத்த மாரில்லா இருக்கு.”

“காஞ்சா நிறம் கொஞ்சம் எறங்கும்வே. நீர்வண்ணம்னா அப்படித்தான்.”

“எறங்கும் சரி. இப்படியா எறங்கும்? டீச்சர் படமும் காஞ்சுதான இருக்கு?”

பெஞ்சில் இவர் படத்துக்கு அடுத்தபடியாக யூனிஸ் டீச்சரின் படம் இருந்தது. அதே வாசல், அதே சைக்கிள்கள். அந்தச் சுவரில் கை வைத்தால் சுடும்போல இருந்தது.

ஞாயிறுதோறும் தெருவில் உட்கார்ந்து படம் வரையும் இந்தக் குழுவைத் தொடங்கியவரே குமரகுருபரன்தான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். ஒவ்வொரு வாரமும் ஓர் இடம். காலையில் கூடி, வரைந்து முடித்ததும், பக்கத்தில் எந்தக் கடையில் பெஞ்சு கிடைக்கிறதோ அங்கே எல்லாப் படங்களையும் வரிசையாகப் பரப்புவார்கள். அதற்குப் பந்தி என்று பெயர். பந்தியில் பேர் எழுதாத படங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். யாரும் கோபப்படக்கூடாது என்பது விதி. விதியைப் போட்டவரும் குமரகுருபரன்தான். அப்போது பந்தியில் முதல் இலை எப்போதும் அவருடையதாக இருந்தது.

போன வருடம் யூனிஸ் டீச்சர் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கோயிலுக்குப் போகும்போது பைபிளோடு எடுத்துப்போகும் பழைய கறுப்புக் குடையை நாற்காலி முதுகில் துணிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, அதன் நிழலில் தாளை மடியில் வைத்து வரைவார். அதிகம் பேசமாட்டார். பந்தியில் அவர் படம் வந்தால் மற்றப் படங்களைப் பற்றிப் பேச்சு குறைந்துபோகும். குமரகுருபரன் அதைக் கவனித்தார். கவனிக்காமல் இருக்க முயன்றபோதும் கவனித்தார்.

இந்த நிலையில்தான் டாக்டர் விஜயஸ்ரீ வந்தார். வண்ணார்பேட்டையில் புதிதாகக் கண் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். நோயாளிகள் உட்காரும் கூடத்தின் முன்சுவரில் நம் ஊர்த் தெரு ஒன்றைப் படமாக மாட்டவேண்டும், ஒரே ஒரு படம், வரைந்தவர் பெயரோடு. ஆடி மாதக் கடைசி ஞாயிறு பாளை தெற்கு பஜாரில் நீங்கள் வரையும்போது நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து குமரகுருபரனுக்கு அந்தச் சுவரைத் தவிர வேறு நினைப்பு இல்லை. திருநெல்வேலியில் கண் கோளாறு இல்லாத குடும்பம் உண்டா? ஊரே அந்தக் கூடத்தில் டோக்கனோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறது. அதன் கீழே ‘யூனிஸ்’ என்ற பெயர் இருப்பதாக நினைத்துப் பார்த்தார். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் இதைப் பொறாமை என்று சொல்லவில்லை. ஆராய்ச்சி என்று சொன்னார்.

பழுது பார்ப்பது அவர் தொழில். ஒரு தெருவில் மின்சாரம் இல்லையென்றால் கம்பமா, கம்பியா, ஃபியூஸா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவார். கடைசியில் மிஞ்சுவதுதான் பழுது. படத்தையும் அப்படியே பிரித்துப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து மனைவி பிருந்தாவுக்கு விளக்கினார்.

“நீர்வண்ணத்துல வெள்ளைன்னு ஒரு நிறம் நாங்க பூசுறது கெடையாது. தாள்தான் வெள்ளை. பூசுற நிறம் கண்ணாடிக் காயிதம் மாரி மெல்லிசு. வெளிச்சம் அதுக்குள்ள எறங்கி, தாள்ல பட்டு, திரும்ப அது வழியாவே மேல ஏறி நம்ம கண்ணுக்கு வரும். போய்த் திரும்புன வெளிச்சத்தத்தான் நிறம்னு பாக்கோம். சரியா? அப்ப நிறத்தக் கெடுக்கணும்னா எதெல்லாம் கெடுக்கும்? வண்ணக் கட்டி, தாளு, தூரிகை, தண்ணி. நாலுதான்.”

“டீச்சருக்கும் அதே நாலுதான?” என்றார் பிருந்தா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

“அதத்தான் சொல்லுதேன். அவங்ககிட்ட இருக்க நாலுல ஏதோ ஒண்ணு எங்கிட்ட இல்ல.”

அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். டீச்சர் வைத்திருந்த அதே வண்ணப் பெட்டியை வரவழைத்தார். முகங்கள் செத்தன. அதே தாளை வாங்கினார். முகங்கள் விலை கூடிய தாளில் செத்தன. தூரிகையும் மாறியது. மீதி இருந்தது தண்ணீர். பெருமாள்புரத்தில் இவர் வீட்டுக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். குடத்தின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படியும். டீச்சருக்குக் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டி வீடு. ஒரு சாயம் போன பிளாஸ்டிக் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருவார். உப்பு இருந்தால் நிறத்துகள் தண்ணீரில் சரியாகப் பிரியாது, திட்டுத்திட்டாய்ப் படியும். அது உண்மையான சங்கதிதான். உப்பு முகத்தைப் பச்சையாக்குமா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு டவுன் கீழ ரத வீதி. குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் மேகம் வந்து ஊரின் மேல் கவிந்து நின்றது. வெயில் இல்லாததால் குமரகுருபரன் தன் பெரிய குடையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அந்தக் குடையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடி கடற்கரையில் ஓர் ஐஸ்கிரீம் வண்டியில் பார்த்து ஆசைப்பட்டு, அதேபோலப் போன வருடம் வரவழைத்த சிவப்புத் துணிக் குடை. விரித்தால் ஆளையும் வரையும் பலகையையும் சேர்த்து மூடும். அதைப் பலகையின் முக்காலியில் பொருத்த அவரே இரும்புப் பட்டையை வளைத்து ஒரு பிடி செய்திருந்தார். பட்டைக்குள் குடைக் கம்பு நுழையும். ஒரு மறையைத் திருகினால் உயரம் நிற்கும், இன்னொன்றைத் திருகினால் சாய்வு நிற்கும். வெயில் நகர நகரக் குடையும் நகரும். இதனால் மற்றவர்கள் உட்கார முடியாத வெட்டவெளியில், தெருவின் நல்ல காட்சி தெரியும் இடத்தில் இவரால் உட்கார முடிந்தது. டீச்சர் குழுவுக்கு வந்த முதல் நாள் அதை அண்ணாந்து பார்த்தார்.

“கறுப்புக் கொடைன்னா நல்லாருக்கும் அண்ணாச்சி” என்றார்.

தன்னிடம் இல்லாத சாமானைக் கண்டால் சிலருக்கு மனசு பொறுக்காது என்று குமரகுருபரன் நினைத்துக்கொண்டார்.

கீழ ரத வீதியில் டீச்சர் பூக்காரம்மாவிடம் பேசப் போனார். நாற்காலிக்குக் கீழே அந்தப் பாட்டில் நின்றது. குமரகுருபரன் எழுந்தார். செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். பாட்டில் அவர் பைக்குள் போயிற்று. தன் இடத்துக்குத் திரும்பி, அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார்.

டீச்சர் திரும்பி வந்தார். நாற்காலிக்குக் கீழே பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். நேராக டீக்கடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வாங்கிவந்து வரைய உட்கார்ந்தார்.

பந்தியில் தாஜ் முகம்மது இவர் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

“ஏ, இன்னைக்கு ஒருத்தரும் சாகலவே. பூக்காரம்மா மூச்சு விடுது.”

உண்மைதான். முகம் முகமாக இருந்தது. மஞ்சள் சேலை மஞ்சளாகவே வீடுவரை வந்தது. குமரகுருபரனுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. தண்ணீர்தான். கண்டுபிடித்தாயிற்று.

டீக்கடைத் தண்ணீரில் வரைந்த டீச்சரின் படமும் அதே பந்தியில், வழக்கம்போல நன்றாகவே இருந்தது. அவருடைய தொழிலில் இது பெரிய தடயம். ஒரு கம்பியைப் பிடுங்கிய பிறகும் விளக்கு எரிந்தால் அந்தக் கம்பிக்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லை. வேலையில் இதைத் தவறவிடமாட்டார். இங்கே டீச்சர் படத்தை நேராகப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்ப்பவருக்குத் தடயம் தெரியாது.

அதற்கடுத்த ஞாயிறு முக்கூடல் கடைத்தெரு. விடிந்ததும் ஆற்றில் இறங்கித் தாமிரபரணித் தண்ணீரைத் தானே கேனில் பிடித்துக்கொண்டார். பளிச்சென்ற வெயில். சிவப்புக் குடையை விரித்து, மறைகளைத் திருகி, தெரு நடுப்பக்கம் ராஜா மாதிரி உட்கார்ந்து பீடிக்கடைக்காரரை வரைந்தார். வரையும்போதே தெரிந்தது, இதுதான் தன் படங்களிலேயே நல்ல படம் என்று. குடையை மடக்கிவிட்டுப் பந்திக்குக் கொண்டுபோனார்.

பீடிக்கடைக்காரர் இறந்திருந்தார்.

“உமக்கு ஒரு யோசன சொல்லுதேன்” என்றார் தாஜ் முகம்மது. “கண்ணாஸ்பத்திரிய விட்டுருவோம். பொணவறைக்கு யாராவது படம் கேட்டா மொத ஆளா உம்மத்தான் சொல்லுவேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிதாபப்படுகிறார் என்று குமரகுருபரன் நினைத்தார். கேலியைத் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

ஆடிக் கடைசி ஞாயிறு. தெற்கு பஜார் அப்போதுதான் கடைகளைத் திறந்துகொண்டிருந்தது. காற்று காலையிலேயே கிளம்பிவிட்டது. மேகங்களைத் துரத்தித் துரத்தி வெயிலை விட்டுவிட்டு அடித்தது. குமரகுருபரன் எல்லாருக்கும் முன்னால் வந்து, தெரு திரும்பும் இடத்தில், வாழைக்காய் மண்டியும் பாத்திரக்கடையும் ஒருசேரத் தெரியும் முனையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் வந்து பார்த்துவிட்டு, சற்றுப் பின்னால், அவ்வளவு நல்ல காட்சி இல்லாத இடத்தில் நாற்காலியைப் போட்டார். அதில் இவருக்கு ஒரு சின்னத் திருப்தி.

வாழைத்தாரைத் தோளில் சுமந்து நிற்கும் ஒருவரை வரைந்தார். முதுகில் வெயில், முகம் பக்கவாட்டில். அந்த முதுகின் பழுப்பு, தாளில் அப்படியே வந்தது. டாக்டர் வர இன்னும் நேரம் இருந்தது. கடவுளே, இது மட்டும் மாறாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, முகத்துக்கும் நிறம் கலந்து பூசினார்.

காற்று ஒரு தூக்குத் தூக்கியது. சாய்வைப் பிடித்திருந்த மறை நழுவியது. குடை பக்கவாட்டில் சரிந்தது. தாளில் பாதி குடைக்கு வெளியே வந்தது.

தாளின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

அது அவர் போட்ட கோடு இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெற்றுத் தாள் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. சுமைக்காரரின் இடுப்பு குடைக்குள் இருந்தது, உயிரோடு. தோளும் முகமும் வெளியே இருந்தன, செத்து.

குமரகுருபரன் குடையைப் பிடித்து நிமிர்த்தினார். முகம் பிழைத்தது. சாய்த்தார். முகம் செத்தது. ஐந்தாறு முறை செய்து பார்த்தார். பாத்திரக்கடையில் நின்றவர்கள் காற்றில் குடையோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்தார்கள்.

போய்த் திரும்பிய வெளிச்சம் என்று ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தவர் அவர். கெடுக்கக்கூடியவை நாலு என்று எண்ணியபோது வெளிச்சத்தை எண்ணாமல் விட்டிருந்தார். சிவப்புத் துணி வழியாக வரும் வெயில் சிவப்பாக வருகிறது. அதன் கீழே வெள்ளைத் தாளும் சிவக்கிறது, கலந்த நிறமும் சிவக்கிறது. கண் அதில் பாதியைத் தானாகவே சரிசெய்துகொண்டு, தாள் வெள்ளைதான் என்று சொல்லிவிடும். மீதிப் பாதி சிவப்பைக் கை சரிசெய்யும், கொஞ்சம் நீலமும் கொஞ்சம் பச்சையும் கூடுதலாகச் சேர்த்து. குடைக்குள் இருக்கும்வரை கணக்கு சரியாக இருக்கும். வெளியே வந்ததும் குடையின் சிவப்பு போய்விடும், கை சேர்த்த நீலமும் பச்சையும் மட்டும் தாளில் தங்கிவிடும். கீழ ரத வீதியில் பூக்காரம்மா பிழைத்தது தண்ணீரால் அல்ல. அன்று மேகம். குடை பைக்குள் இருந்தது.

அவர் குடையைக் கழற்றி எறிந்தார். இப்போது வெயில் நேராகத் தாளில் அடித்தது. கண் கூசியது, நிறமே தெரியவில்லை. நிழல் வேண்டும். நிறமில்லாத நிழல். கடையோரத்துக்குப் போனால் காட்சி மறைந்துவிடும். அந்தத் தெருவில் அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே கறுப்புக் குடை, பின்னால், ஒரு நாற்காலி முதுகில் துணிக் கயிற்றால் கட்டியிருந்தது.

 மண்டிக்காரரிடம் மணி என்ன என்று கேட்டுக்கொண்டு யாரோ போனார். டாக்டர் வரும் நேரம். புதிய தாளையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

“டீச்சர், இங்கன கொஞ்சம் உக்காந்துக்கிடட்டா?”

யூனிஸ் டீச்சர் தூரிகையை நிறுத்தாமல் நாற்காலியை ஒரு பக்கமாக நகர்த்தினார். குடை இரண்டு தாளுக்கும் எட்டியது.

“மொத நாளே சொன்னேம்லா அண்ணாச்சி.”

“காரணம் சொல்லலியே.”

“நீங்க அந்தத் திருகாணியப் பத்தி ரொம்ப நேரம் விளக்கிக்கிட்டு இருந்தீங்க.” தூரிகையைக் கழுவினார். “எனக்கு மொதல்ல பச்சைக் கொடை. ஒரு வருசம் நான் வரஞ்ச ஆளுக எல்லாரும் சாராயம் குடிச்ச மாரி செவசெவன்னு இருந்தாங்க. எங்க பாஸ்டரையும் சேத்து.”

குமரகுருபரன் வேகமாகக் கோடு போட்டார். டீச்சர் காலடியில் புதுப் பாட்டில் ஒன்று நின்றது.

“தண்ணியும் வேணுமா?” என்றார் டீச்சர். “கேட்டா குடுப்பேன். அந்தப் பழைய பாட்டிலுக்கு மூடி லூசு. பையில நிமித்தி வச்சீங்களா, சாச்சி வச்சீங்களா?”

அவர் தாளின் மேல் இன்னும் குனிந்து கோடு போட்டார். பாட்டில் சாய்ந்துதான் இருந்தது. அன்று பைக்குள் இருந்த ஒரு புதுத் தாள் கட்டு முழுக்க நனைந்திருந்தது.

டாக்டர் விஜயஸ்ரீ வந்தபோது பந்தி பாத்திரக்கடை வாசலில் இருந்தது. அவசரத்தில் முடித்த இவர் படமும் அதில் இருந்தது. சுமைக்காரரின் கால் ஒன்று சரியாக வரவில்லை, மண்டியின் கூரை கொஞ்சம் கோணல். முகத்தில் மட்டும் ரத்தம் ஓடியது. தாஜ் முகம்மது அதைப் பார்த்துவிட்டு, “பொழச்சுக்கிட்டாரே” என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் வரிசையில் ஒருமுறை போய், திரும்பி வந்து, யூனிஸ் டீச்சரின் படத்தைக் கையில் எடுத்தார். வாழைக்காய் மண்டி பாதி மறைந்த அந்த இடத்திலிருந்து, டீச்சர் தெருவையே விட்டுவிட்டுத் தெருவில் நீண்டு கிடந்த நிழல்களை வரைந்திருந்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். குமரகுருபரனும் தட்டினார். உள்ளே வழக்கமான இடத்தில் வழக்கமான முள் குத்தியது. ஒரே குடை, ஒரே வெளிச்சம், ஒரே தெரு. இனிமேல் பழியைப் போட அவரிடம் சாமான் எதுவும் இல்லை. முள் முன்னைவிட ஆழமாக இறங்கியதற்கு அதுதான் காரணம்.

அன்று மத்தியானமே மொட்டைமாடிக்குப் போனார். சரிபார்க்காமல் எதையும் நம்புவது அவர் வழக்கமில்லை. ஒரு மண்தொட்டியை வெயிலில் வைத்து, அதன் நிறத்தைச் சிவப்புக் குடைக்குக் கீழே ஒரு தாளில் கலந்து பூசினார். பிருந்தாவின் நீலக் குடைக்குக் கீழே ஒன்று. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கறுப்புக் குடைக்குக் கீழே ஒன்று.

“அடுத்த வாரம் எங்க?” என்று கேட்டார் பிருந்தா.

“கொற்கை. டீச்சருக்கு முன்னாலயே போயிரணும்.”

மூன்று தாளையும் கூடத்துக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் தொட்டியோடு சேர்த்து வைத்தார். சிவப்புக் குடையில் பூசியது நீலம் தட்டியிருந்தது. நீலக் குடையில் பூசியது ஆரஞ்சாகியிருந்தது. கறுப்புக் குடையில் பூசியது தொட்டியின் நிறமாகவே இருந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கி, அதன் கம்பு, கையோடு கொண்டுபோயிருந்த தன் இரும்புப் பிடிக்குள் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொண்டார். தாளில் வெயில் நேராகப் படக்கூடாது, தாளில் விழும் நிழலுக்கு நிறம் இருக்கக்கூடாது. அதற்குக் கறுப்புக் குடை போதும். தண்ணீர் எதுவாக இருந்தாலும் சரி.